புள்ளிக்கு முன்னால் பதினேழு

நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு.
அங்கே வெண்ணாறு மூன்றாகப் பிரியும்.
பிறகு வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி, மடை.
எங்கள் பக்கத்தில் வகுத்தல் கணக்கைத்
தண்ணீரே போட்டுவிடுகிறது.
மீதி கடலுக்கு.

வகுபடாத ஒன்றை வைத்துக்கொண்டு
கொள்முதல் நிலையத்தின் தகரக் கொட்டகையில்
உட்கார்ந்திருக்கிறேன்.
ஈரப்பதம் பதினேழு சதம்.
அதைத் தாண்டினால் நெல் திரும்பிப் போகும்.
நான் படித்தது எம்.எஸ்ஸி. கணக்கு,
பார்ப்பது பருவகாலப் பட்டியல் எழுத்தர் வேலை.
சம்பா முடிந்தால் நானும் முடிந்தேன்.

பதினாறுக்கு வாழ்த்து உண்டு, காரியமும் உண்டு.
பதினெட்டுக்கு ஆற்றங்கரை கொள்ளாது,
காதோலை கருகமணி, ஐந்து வகைச் சோறு.
ஆடி பதினேழு
படித்துறையைக் கழுவிவிடும் நாள்.
வாய்ப்பாடும் பதினாறோடு நின்றுவிட்டது;
பதினேழாவதை நானாகத்தான் எழுதிக்கொண்டேன்,
புத்தகத்தின் பின்னட்டையில்.

நாலுக்கு நாலு என்று ஒரு பாத்தி போட்டால்
வரப்பைச் சுற்றி நடக்கப் பதினாறு,
உள்ளே பரப்பும் பதினாறு.
மூன்றுக்கு ஆறு போட்டால்
இரண்டும் பதினெட்டு.
முழு எண்ணில் கட்டம் கட்டுகிறவனுக்கு
வரப்பும் வயலும் ஒத்துப்போவது
இந்த இரண்டே இரண்டு பாத்தியில்தான்.
இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பதினேழுக்கு
ஒரே ஒரு வடிவம்.
ஒன்றுக்குப் பதினேழு.
சைக்கிள் மட்டும் போகிற வாய்க்கால் கரை.

சுமைக்காரர்களும் பதினேழு பேர்.
கூலி ஒருநாளும் சரியாகப் பிரிந்ததில்லை.
மீதிக்கு டீ.
மின்சாரம் போன ஒரு மத்தியானம்
அவர்களுக்குச் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டினேன்:
இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு.
பகா எண்கள் நான்கு, வரிசையாக. கூட்டினால் பதினேழு.
வேறு எந்த நான்கைக் கூட்டினாலும்
இரட்டைப்படையாகிக் கெட்டுப்போகும்.
செல்லையா பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்,
"இதுக்கு ரேட் ஏதும் உண்டா?"

பவுன்ராணிக்கு மூணு மா குத்தகை,
ஐம்பத்துமூன்று மூட்டை.
தை மழையில் நனைந்ததை
மன்னார்குடி ரோட்டில் பாதி மறித்துக் காயப்போட்டிருந்தாள்.
பஸ் வரும்போதெல்லாம் நெல்லைப் பெருக்கி ஒதுக்குவாள்.
ராத்திரி பனி, காலையில் மறுபடி விரிப்பு.
புதன்கிழமை கருவி காட்டியது பதினெட்டு புள்ளி இரண்டு.
வியாழன், பதினேழு புள்ளி எட்டு.
வெள்ளி, பதினேழு புள்ளி மூன்று.
"பதினேழா பதினெட்டா, ஒண்ணைச் சொல்லும்மா.
நடுவுல என்ன புள்ளி?"

நடுவில் முடிவே இல்லை என்று
எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்,
எந்த இரண்டு எண்ணுக்கு நடுவிலும் இன்னொன்று என்று.
அந்த முடிவின்மையில் நாலு நாளாக
ஒரு பொம்பளை துடைப்பத்தோடு நிற்கிறாள் என்று
யாரும் சொல்லவில்லை.

தர ஆய்வாளர் போனில் இருந்தார்.
நான் கருவியை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.
புள்ளிக்குப் பின்னால் இருந்தது
என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.
"பதினேழு" என்றேன்.
பதிவேட்டின் அந்தக் கட்டத்தில்
இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.

நாற்பது கிலோ மூட்டையில் புள்ளி மூன்று சதம்
நூற்றிருபது கிராம்.
ஐம்பத்துமூன்றால் பெருக்கிப் பார்த்தேன்.
கிடங்கில் காய்ந்து எடை குறையும்,
குறைந்தது என் சம்பளத்தில் கழியும்.
ஆறு கிலோ முந்நூற்று அறுபது கிராம்
ஆறு,
என் பெயருக்கு.

அடுத்த செவ்வாய் உத்தரவு வந்தது:
பத்தொன்பது வரை எடுக்கலாம்.
அதுவும் பகா எண்தான்,
பதினேழுக்குக் கூடப் பிறந்தது.
பவுன்ராணிக்குப் போன் போட்டேன்.
எடுக்கவில்லை.
உளுந்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்திருப்பாள்.